கல்லூரி மாணவத் தொழில்முனைவோருக்கு ஒரு வழிகாட்டித் திட்டம்: கெப்பாலா பத்தாஸில் எப்படித் தொடங்கலாம்?



சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, எஸ்.பி.எம் முடித்துக் கல்லூரிக்குப் போன பிறகு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்க ஆரம்பித்தாள். கைப்பக்குவம் நல்லா இருக்கும். அறைத்தோழிகள் வாங்கினார்கள், விரிவுரையாளர்கள் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். "டீச்சர், தீபாவளிக்குப் பெரிசா செய்யலாம்னு இருக்கேன், எப்படி?" என்று கேட்டாள். "நல்லா செய்மா, துணிஞ்சு செய்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

ஒரு கடைக்காரர் 300 பாக்கெட் கேட்டார், பணம் விற்ற பிறகு தருகிறேன் என்றார். இவள் கல்விக் கடனாக வந்த பணத்திலிருந்து 700 வெள்ளி எடுத்து மாவும் எண்ணெயும் வாங்கினாள். சரக்கு போய்ச் சேர்ந்தது. தீபாவளியும் முடிந்தது. பணம் மட்டும் வரவில்லை. தவணைக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் கையில் காசு இல்லை. வீட்டில் சொல்லப் பயம். கடைசியில் ஒரு தவணைப் படிப்பை ஒத்திவைத்தாள். கடைக்காரர் பிறகு கொடுத்தார். ஆனால், போன தவணை திரும்பி வருமா?

அவளுக்கு உழைப்பில் குறை இல்லை, கைத்தொழிலிலும் குறை இல்லை. "பணம் எப்ப வரும்? அது வரைக்கும் எதை வெச்சு சமாளிப்ப?" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அந்த ஆளாக நான் இருந்திருக்கலாம். எனக்கு அந்தக் கேள்வி தெரிந்திருக்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

1. வழிகாட்டி என்பவர் யார்?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

- பேச்சாளர்: ஒரு நாள் வருவார், தன் வெற்றிக் கதையைச் சொல்வார், போய்விடுவார். ஊக்கம் கிடைக்கும். உங்கள் கணக்கு அவருக்குத் தெரியாது.
- பயிற்றுநர்: ஒரு குறிப்பிட்ட திறனைச் சொல்லித் தருவார். கேக் அலங்காரம், இயங்கலை விற்பனை, கணக்குப்பதிவு போன்றவை. திறன் வந்ததும் அவர் வேலை முடிந்தது.
- ஆலோசகர்: ஒரு சிக்கலைக் கொண்டுபோனால் தீர்வு சொல்வார். பெரும்பாலும் கட்டணம் உண்டு.
- வழிகாட்டி: சில மாதங்கள் உங்களோடு கூடவே வருவார். தான் பட்ட அனுபவத்தை வைத்து உங்களைக் கேள்வி கேட்பார். முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். கட்டணம் வாங்க மாட்டார்.

நம் கல்லூரிகளிலும் சங்கங்களிலும் "வழிகாட்டித் திட்டம்" என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி, முதல் வகையைச் சேர்ந்தவை. நீங்களே பார்த்திருப்பீங்க: மண்டபம், பதாகை, மூன்று பேச்சாளர், மதிய உணவு, நற்சான்றிதழ், குழுப் படம். நானும் அப்படி ஒரு நிகழ்ச்சியில் ஏற்பாட்டுக் குழுவில் இருந்திருக்கிறேன். மாணவர்கள் மகிழ்ச்சியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஆறு மாதம் கழித்து யார் என்ன வியாபாரம் செய்கிறார்கள் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால், அன்றைக்கும் யாருடைய கணக்கையும் நாங்கள் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: மாணவரும் வழிகாட்டியும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தச் சந்திப்பு தவறாமல் நடப்பதற்காகத்தான்.

2. இது நமக்குப் புதிதா?

இல்லை. கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த் போய் பெர்ரி ஏறினால் ஜோர்ஜ்டவுன். அங்கே பினாங்கு வீதியில்தான் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் அதில் ஓர் இடம், ஒரு பெட்டி, எழுத ஒரு தாழ்வான மேசை. ஊரிலிருந்து சின்ன வயதிலேயே வந்த பையன் 'பெட்டியடிப் பையன்' ஆகச் சேர்வான். எடுபிடி வேலை செய்துகொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரவு செலவைப் பார்ப்பான். தேறினால் 'அடுத்தாள்'. அதற்கும் மேலே தேறினால் ஏஜெண்ட். ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. கணக்கு செட்டிநாட்டில் இருக்கும் முதலாளிக்குப் போயாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அந்தப் பையன் சொற்பொழிவு கேட்டுத் தொழில் கற்கவில்லை. பேரேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றான். தவறு செய்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் மாலையில் கணக்கு நேராகாது.

அந்த முறையை அப்படியே போற்ற வேண்டியதில்லை. அது ஒரு சமூகத்துக்குள்ளேயே இருந்தது, பெண்களுக்கு அங்கே இடமில்லை. முறையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வைப்பது நம் வேலை.

3. மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்?

மூன்று எடுத்துக்காட்டுகள் போதும். மூன்றிலும் நமக்கு ஒவ்வொரு பாடம் இருக்கிறது.

ஸ்கோர், அமெரிக்கா (1964): பணி ஓய்வு பெற்ற தொழில் நிர்வாகிகள் சம்பளம் வாங்காமல் சிறுதொழில் செய்பவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பு. *பாடம்:* ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவமும் நேரமும் சேர்ந்து இருக்கிறது. நம் வட்டாரத்திலும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கணக்காய்வாளர், கடை நடத்திப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர் எல்லாம் இருக்கிறார்கள். நாம்தான் போய்க் கேட்பதில்லை.

பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை, இந்தியா (1992): முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கட்ராமன் வெங்கடேசன் தொடங்கியது. பிரிட்டனில் 1976-இல் தொடங்கப்பட்ட பிரின்ஸ் டிரஸ்ட் இதற்கு முன்மாதிரி. சென்னையிலும் இது இயங்குகிறது. வசதி குறைந்த இளைஞர்களுக்குத் தொழில் கடன் பெற உதவி, கூடவே ஆளுக்கு ஒரு வழிகாட்டியையும் சேர்த்துவிடுகிறார்கள். *பாடம்:* பணம் மட்டும் கொடுத்தால் போதாது, பணத்தோடு ஒரு ஆளும் வேண்டும்.

எம்.ஐ.டி தொழில் வழிகாட்டிச் சேவை, அமெரிக்கா (2000): இங்கே ஒரு மாணவருக்கு ஒரே வழிகாட்டி இல்லை, ஒரு சிறு குழுவே சேர்ந்து உட்காரும். வழிகாட்டிகளுக்குக் கட்டுப்பாடான நடத்தை விதிகளும் உண்டு. மாணவரின் தொழிலில் அவர்களுக்குச் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது. *பாடம்:* ஒருவர் சொல்வதே வேதவாக்கு ஆகிவிடாது. நலன் முரண்பாடும் வராது.

நம் நாட்டில் உயர்கல்வி அமைச்சு 2010-இல் உயர்கல்விக்கூடங்களுக்கான தொழில்முனைவு மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. அதனால் பெரும்பாலான வளாகங்களில் தொழில்முனைவுப் பிரிவோ மன்றமோ இருக்கிறது. நாம் அவர்களுக்குப் போட்டியாக எதையும் கட்ட வேண்டாம். முதலில் அவர்களிடம் போய்ப் பேச வேண்டும்.

4. கெப்பாலா பத்தாஸில் தொடங்க ஆறு படிகள்

ஏன் கெப்பாலா பத்தாஸ்? சிறிய பட்டணம்தான். ஆனால், சுற்றி எத்தனை மாணவர்கள் பாருங்க. கெப்பாலா பத்தாஸ் சமூகக் கல்லூரி இருக்கிறது. பொங்சு செரிபுவில் பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி. பெர்த்தாமில் யூ.ஐ.டி.எம் வளாகமும் யூ.எஸ்.எம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, பல் மருத்துவ உயர்கழகமும் இருக்கின்றன. பெரிய முதலீட்டாளர்கள் ஜோர்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் இருக்கலாம். பத்து இருபது வருடமாக ஒரு கடையைத் தாக்குப்பிடித்து நடத்துகிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மாணவருக்கு முதலில் தேவைப்படுபவர் இவர்தான்.

படி 1: எண்ணிக்கையைக் குறையுங்கள். முதல் சுற்றுக்கு எட்டு மாணவர் போதும். அறுபது பேரைச் சேர்த்தால் அது மறுபடியும் மண்டப நிகழ்ச்சியாகிவிடும். ஓர் ஆசிரியரால் எட்டுப் பேரின் பெயர், பொருள், பிரச்சினை மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும்.

படி 2: மாணவரைத் தேர்ந்தெடுங்கள். அழகான தொழில் திட்ட அறிக்கை கேட்காதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் எழுதித் தந்துவிடுவார்கள். இரண்டே நிபந்தனை போதும். ஒன்று, உறவினர் அல்லாத ஐந்து பேருக்காவது ஏதாவது விற்றிருக்க வேண்டும். இரண்டு, இரண்டு வாரம் வரவு செலவு எழுதிக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையிலேயே பலர் விலகிவிடுவார்கள். பரவாயில்லை, அடுத்த சுற்றுக்கு வரட்டும்.

மெட்ரிகுலேஷன் மாணவர்கள் விடுதியில் இருப்பவர்கள், பாடச்சுமை அதிகம். அவர்களுக்கு வியாபாரத்தைத் தூண்ட வேண்டாம். கணக்கு எழுதும் பயிற்சியும் ஒரு கடையைப் பார்வையிடும் வாய்ப்பும் போதும்.

படி 3: வழிகாட்டிகளைத் தேடுங்கள். மூன்று வகையினர் வேண்டும்.

- தொழில் தெரிந்தவர்: தையல்கடை, கேட்டரிங், அச்சகம், வாகனப் பட்டறை நடத்துபவர்.
- கணக்கு தெரிந்தவர்: வங்கியில் அல்லது கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.
- வயது நெருக்கமானவர்: அதே போன்ற கல்லூரியில் படித்துவிட்டு மூன்று நான்கு ஆண்டுகளாகச் சொந்தத் தொழில் செய்பவர்.

எட்டு மாணவருக்கு ஆறு வழிகாட்டிகள் கிடைத்தால் இருவர் இருவராகச் சேர்க்கலாம். பெரிய முதலாளிதான் வேண்டும் என்று அலையாதீர்கள். அவருக்கு நேரம் இருக்காது. ஒருமுறையாவது நட்டப்பட்டு மீண்டவரைத் தேடுங்கள். "எப்ப நட்டமாச்சு, எப்படி மீண்டீங்க?" என்று கேட்டால் வெளிப்படையாகச் சொல்லக்கூடியவர்தான் நல்ல வழிகாட்டி.

படி 4: விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

- வழிகாட்டி மாணவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது, மாணவரின் தொழிலில் பங்கும் கேட்கக் கூடாது.
- மாணவரை வழிகாட்டியின் கடையில் சம்பளமில்லாமல் வேலை வாங்கக் கூடாது.
- மாணவரின் பொருள், செய்முறை, வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக் கூடாது.
- சந்திப்பு பொது இடத்தில் நடக்கும்: கடையில், நூலகத்தில், வளாக உணவகத்தில். தனி வீட்டில் இல்லை. புலனக் குழுவில் பொறுப்பாசிரியரும் இருப்பார். தனிச் செய்தியில் பேச வேண்டாம்.
- இருவரில் யாருக்கும் ஒத்துவரவில்லை என்றால் காரணம் சொல்லாமலே ஜோடியை மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது விதியைச் சிலர் சங்கடமாக நினைப்பார்கள். "எல்லாம் நம்ம ஆளுங்கதானே டீச்சர்" என்பார்கள். நம்ம ஆளுங்க என்பதால்தான் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. பெற்றோருக்கும் நிம்மதி, வழிகாட்டிக்கும் பாதுகாப்பு.

படி 5: நாள்காட்டியைப் போடுங்கள். ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். கணக்குப்படி பன்னிரண்டு சந்திப்புகள் வரும். தேர்வு வாரங்களையும் தீபாவளி, நோன்புப் பெருநாள் வாரங்களையும் கழித்தால் பத்து. கடைக்காரருக்குச் சனி, ஞாயிறுதான் வியாபார நேரம் என்பதை மறக்காதீர்கள். அவரைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவுசெய்தால் இரண்டாவது மாதமே வரமாட்டார்.

படி 6: முதல் சந்திப்பை வழிகாட்டியின் கடையிலேயே வையுங்கள். கடை திறக்கும் நேரத்தில் மாணவர் போகட்டும். சரக்கு எப்படி வருகிறது, சில்லறை எங்கே இருக்கிறது, கடன் கேட்பவருக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்கட்டும். அந்த ஒரு காலை நேரம், பல பக்கக் குறிப்புக்குச் சமம்.

5. கணக்குப் புத்தகத்தின் முன்னால் என்ன நடக்கும்?

வகுப்பில் பயன்படுத்த ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை.

ஒரு மாணவி வாரத்துக்கு 40 பாக்கெட் முறுக்கு விற்கிறாள். ஒரு பாக்கெட் 5 வெள்ளி. அவள் எழுதிக் கொண்டுவந்த கணக்கு இது:

விற்பனை: 200 வெள்ளி
மாவு, எண்ணெய், மற்றவை: 88 வெள்ளி
பாக்கெட், ஒட்டுத்தாள்: 16 வெள்ளி
இலாபம்: 96 வெள்ளி

இதைப் பார்த்தால் நம்மில் பலர் "அடேயப்பா, வாரம் 96 வெள்ளியா, அருமை!" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அனுபவமுள்ள வழிகாட்டி அப்படிச் சொல்ல மாட்டார். உரையாடல் இப்படிப் போகும்:

"ஏம்மா, பாக்கெட் அஞ்சு வெள்ளின்னு எப்படி முடிவு பண்ணுன?"

"எல்லாரும் அஞ்சு வெள்ளிக்குத்தானே விக்கிறாங்க, அக்கா."

"சரி. கேஸ் யாரு காசு?"

"வீட்டு கேஸ்தான். அம்மா வாங்குறாங்க."

"அப்ப அம்மாவும் உன் வியாபாரத்துல பணம் போட்டிருக்காங்க. அதை எழுதலையே? கொண்டுபோய்க் கொடுக்கிறதுக்கு மோட்டார்ல போறியே, எண்ணெய்க் காசு?"

"அது... கைக்காசு, அக்கா."

"அதையும் எழுது."

கேஸ் 8 வெள்ளி, பெட்ரோல் 24 வெள்ளி. இலாபம் 64 ஆகிறது.

"இப்ப பெட்டியில 64 வெள்ளி இருக்கா?"

"இல்லக்கா. ஆறு பாக்கெட்டுக்கு இன்னும் காசு வரல. கூட்டாளிங்கதான், அடுத்த வாரம் தரேன்னாங்க."

வராத பணம் 30 வெள்ளி. கையில் இருப்பது 34 வெள்ளி. எத்தனை மணி நேரம் வேலை செய்தாள்? மாவு பிசைவது, சுடுவது, கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்து 14 மணி நேரம். கையில் உள்ள பணத்தை நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 43 காசு. கடன் முழுவதும் வசூலானாலும் 4 வெள்ளி 57 காசுதான். 2025-இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை மணிக் கணக்கில் சொன்னால் 8 வெள்ளி 17 காசு.

அப்படியென்றால் வியாபாரத்தை விட்டுவிடச் சொல்வதா? இல்லை. இந்த இடத்தில்தான் வழிகாட்டி வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். "விலையை ஆறு வெள்ளி ஆக்கு" என்று அவரே சொல்லிவிட்டால் மாணவி கற்பது ஒன்றுமில்லை. "இனி என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டும். அவள் என்ன செய்யலாம்? விலையைக் கூட்டலாம், கடன் கொடுப்பதை நிறுத்தலாம், வாரம் மூன்று நடை போவதை ஒரே நடையாக்கலாம், 40 பாக்கெட்டையும் ஒரே நாளில் சுட்டு நேரத்தைக் குறைக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு வாரத்தில் புத்தகம் பதில் சொல்லிவிடும்.

என் மாணவியின் தீபாவளி ஆர்டரை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். 300 பாக்கெட் நல்ல ஆர்டர்தான். "பாதிப் பணம் முன்பணமா கேட்டியா? எந்தத் தேதியில மீதி தருவாங்கன்னு எழுதி வாங்குனியா? 300-க்குப் பதிலா 100 கொடுத்தா என்ன?" என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் அவள் அந்தத் தவணையை இழந்திருக்க மாட்டாள். இலாபம் என்பது வேறு, கையில் உள்ள ரொக்கம் என்பது வேறு. வணிகப் பாடத்தில் நாம் இதை வரையறையாகச் சொல்லித் தருகிறோம். வாழ்க்கையில் அது கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளாக வந்து நிற்கிறது.

6. சட்டமும் உரிமமும்: மறக்கக் கூடாதவை

மாணவர் வியாபாரம்தானே என்று விட்டுவிட முடியாது. பொறுப்பாசிரியர் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

- தொழில் பதிவு: 1956-ஆம் ஆண்டுத் தொழில் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் பதிந்தால் 60 வெள்ளி. உயர்கல்வி மாணவர்களுக்கென்று கட்டணச் சலுகைத் திட்டமும் இருந்து வந்துள்ளது. பதியும் முன் ஆணையத்தின் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.
- உணவு: உணவு தயாரிப்பவர் உணவு கையாளுநர் பயிற்சிக்குப் போக வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.
- இடம்: சாலையோரத்திலோ இரவுச் சந்தையிலோ கடை போட செபராங் பிறை மாநகர் மன்றத்தின் உரிமம் தேவை. வளாகத்துக்குள் விற்கக் கல்லூரியின் அனுமதி தேவை. விடுதி அறையில் அடுப்பு வைத்துச் சமைப்பது ஆபத்து, அதற்கு வழிகாட்டி ஒருபோதும் தலையாட்டக் கூடாது.
- கடன்: தெக்குன் நேஷனல் வழியாக இந்திய சமூகத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால், ஆறு மாதக் கணக்குப் புத்தகம் இல்லாத மாணவரை அங்கே அனுப்பாதீர்கள். கடன் வாங்குவது சுலபமாக இருக்கலாம், மாதாமாதம் கட்டுவதற்கு விற்பனை வேண்டும்.

7. எப்போது நிறுத்துவது?

இதை யாரும் முன்கூட்டியே பேசுவதில்லை. பேச வேண்டும். முதல் நாளிலேயே மூன்று எல்லைக் கோடுகளைப் போட்டுவிடுங்கள்.

முதலாவது, வகுப்பு வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வியாபாரம் நிற்கும். இரண்டாவது, கல்விக் கடன் பணத்தையோ தவணைக் கட்டணத்தையோ முதலாகப் போடக் கூடாது. போட்டது தெரிந்தால் அடுத்த சந்திப்பின் முதல் வேலை அதைத் திருப்பி வைக்க வழி தேடுவதுதான். மூன்றாவது, மாணவர் தொடக்கத்தில் "இவ்வளவு வரை இழக்கலாம்" என்று ஒரு தொகையை எழுதித் தருவார். 150 வெள்ளி என்றால் 150 வெள்ளி. அதைத் தொட்டதும் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து பேச வேண்டும்.

மூடியவரைத் தோற்றவர் என்று சொல்லாதீர்கள். 150 வெள்ளியோடு நிறுத்தத் தெரிந்தவர் பின்னாளில் 15,000 வெள்ளியைக் காப்பாற்றுவார். நிறைவு நாளில் அவருக்கும் நற்சான்றிதழ் கொடுங்கள். ஏன் மூடினேன் என்று ஐந்து நிமிடம் பேசவும் வையுங்கள். மற்ற ஏழு பேரும் அதைத்தான் கவனமாகக் கேட்பார்கள்.

8. திட்டம் வெற்றியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வெள்ளி விற்றார்கள் என்பது அறிக்கைக்கு அழகு. உண்மையான அளவுகோல் இவை:

1. பத்துச் சந்திப்பில் எத்தனை நடந்தது? ஏழுக்குக் கீழே என்றால் நாள்காட்டியில் தவறு.
2. எத்தனை மாணவர் கடைசி வாரம் வரை கணக்கு எழுதினார்கள்?
3. கணக்கைப் பார்த்துத் தாங்களே மாற்றிய முடிவு ஒன்றையாவது சொல்ல முடிகிறதா?
4. எல்லாரும் இன்னும் படிப்பில் இருக்கிறார்களா?
5. வழிகாட்டிகளில் எத்தனை பேர் அடுத்த சுற்றுக்கும் வரச் சம்மதித்தார்கள்?

நான்காவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வரவில்லை என்றால் மற்ற நான்குக்கும் என்ன பதில் வந்தாலும் திட்டத்தை மறுபடி யோசிக்க வேண்டும்.

9. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

தமிழ்மொழித் தாளில் தொழில்முனைவு பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை வந்தால், "அரசு உதவ வேண்டும், பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு கருத்துக்கும் விளக்கம், காரணம், எடுத்துக்காட்டு மூன்றும் வரட்டும். ஒரு மாதிரி:

*கருத்து:* வழிகாட்டி மாணவரின் நட்டத்தைக் குறைக்கிறார்.
*விளக்கம்:* அனுபவமுள்ளவர் மாணவருக்குத் தெரியாத செலவுகளைக் கேள்வி கேட்டு வெளிக்கொண்டு வருகிறார்.
*காரணம்:* மாணவர் வீட்டு எரிவாயு, போக்குவரத்து, தன் உழைப்பு நேரம் ஆகியவற்றை அடக்க விலையில் சேர்ப்பதில்லை.
*எடுத்துக்காட்டு:* 96 வெள்ளி இலாபமாகத் தோன்றியது, முழுக் கணக்கில் 34 வெள்ளி ரொக்கமாகக் குறைந்தது.

பயிற்சிக் கேள்விகள்

1. வழிகாட்டிக்கும் ஆலோசகருக்கும் உள்ள மூன்று வேறுபாடுகளை எழுதுக.
2. மேலே உள்ள மாதிரிக் கணக்கில் விலையை 6 வெள்ளி ஆக்கி, விற்பனை 34 பாக்கெட்டாகக் குறைந்தால் இலாபம் கூடுமா, குறையுமா? மாவு, எண்ணெய், பாக்கெட் செலவு ஒரு பாக்கெட்டுக்கு 2 வெள்ளி 60 காசு என்றும், கேஸ், பெட்ரோல் செலவு மாறாது என்றும் கொள்க.
3. 'இலாபம் இருந்தும் ஒரு தொழில் நின்றுபோகலாம்.' இக்கூற்றைத் தக்க எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. பெட்டியடிப் பையன் கற்ற முறைக்கும் இன்றைய வழிகாட்டித் திட்டத்துக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை ஆராய்க.

இரண்டாம் கேள்விக்கு விடை: விற்பனை 204 வெள்ளி, பொருள் செலவு 88 வெள்ளி 40 காசு, மற்றவை 32 வெள்ளி, இலாபம் 83 வெள்ளி 60 காசு. ஆறு பாக்கெட் குறைந்தும் இலாபம் முன்பிருந்த 64-ஐ விடக் கூடுகிறது. ஏன் என்று வகுப்பில் கலந்துரையாடுங்கள்.

ஆசிரியர்களே, இந்தத் திட்டத்துக்குப் பெரிய நிதி தேவையில்லை. எட்டுக் கணக்குப் புத்தகம், ஆறு நல்ல மனிதர்கள், பொறுப்பெடுக்க ஓர் ஆசிரியர். உங்கள் முன்னாள் மாணவர்களில் யாராவது ஏதாவது விற்றுக்கொண்டிருப்பார்கள். இந்த வாரம் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். "நல்லா செய்" என்பதோடு நிறுத்தாமல், "கணக்கு எழுதுறியா? கொண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த மாணவி பிறகு படிப்பை முடித்துவிட்டாள். இன்றும் தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கிறாள். பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் மாவு வாங்குவாள். என்னிடமும் அப்படித்தான் வாங்குகிறாள்.